நீலப்பூ வரும் என்று ஒன்பது வருடம்: பூமரங்களை மாற்றிப் புரிந்துகொண்ட அனுபவங்கள்

வாசல்மரம்

அம்மாவுக்காக நட்ட மரம். அதனால்தான் இன்னும் மனதில் உறுத்துகிறது.

ஒரு பயணத்தில் அம்மா ஜக்கராண்டா வரிசையைப் பார்த்தார். தரை முழுக்க ஊதாநீலமாகக் கொட்டிக் கிடந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். பூவை மிதிக்க மனமில்லாமல் ஓரமாகவே நடந்துபோய்த் திரும்பி வந்தார். "நம்ம வாசல்ல இப்படி ஒண்ணு இருந்தா போதும்" என்றார். அந்தப் பேச்சை நான் விடவில்லை. ஒரு நாற்றுப் பண்ணையில் ஜக்கராண்டா என்று சீட்டு கட்டிய கன்று கிடைத்தது. முழங்கால் உயரம். இறகு இறகாகப் பொடி இலை. படத்தில் பார்த்ததும் இதே மாதிரிதான் இருந்தது. சரி என்று வாங்கி நட்டுவிட்டேன்.

ஒன்பதாவது வருடம் மொட்டு வந்தது. பச்சை மொட்டு, முட்டை வடிவம், நுனியில் சின்னதாக ஒரு கூர். நீலம் எங்கேயும் தெரியவில்லையே என்று எனக்குள் ஒரு நெருடல். விரிந்தால் தெரியும் என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் சாயங்காலம் அம்மாதான் முதலில் பார்த்தார். மொட்டின் பச்சை ஓடு ஒரு பக்கம் பிளந்திருந்தது. "உள்ள சிவப்பா தெரியுதேடா" என்றார். மறுநாள் காலையில் அந்த ஒரே ஒரு பூ விரிந்து நின்றது. நான்கு இதழ் சுத்தச் சிவப்பு. ஐந்தாவது மட்டும் மற்றவற்றைவிடப் பெரிதாக, நிமிர்ந்து, வெள்ளையும் மஞ்சளும் கலந்து, அதன்மேல் சிவப்புத் தீற்றல். குல்மோஹர்.

அம்மா கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்த "இதுவும்" எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதற்கப்புறம்தான் இலையைச் சரியாகப் பார்த்தேன். ஒன்பது வருடமாகக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த இலை. கிளையில் ஒரு இலை இந்தப் பக்கம், அடுத்தது சற்று மேலே அந்தப் பக்கம் என்று மாறி மாறி வந்திருந்தது. ஜக்கராண்டாவில் இரண்டு இலை ஒரே கணுவில் எதிரெதிராக வரும். இறகில் வரிசையாக நிற்கும் பொடி இலைக்குச் சிற்றிலை என்று பெயர். என் மரத்துச் சிற்றிலையின் நுனி மழுங்கல். ஜக்கராண்டா சிற்றிலை ஊசிபோல் கூராக இருக்கும். அதன் ஒவ்வொரு இறகின் முனையிலும் ஒற்றையாக ஒரு சிற்றிலை, மற்றதைவிடப் பெரிதாக நிற்கும். எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தந்தது காம்பின் அடி. தளிர்க் கிளையில் இலைக்காம்பு சேரும் இடத்தில், இரண்டு பக்கமும் குட்டிப் பெரணி இலைபோலக் கிழிந்த இரண்டு செதில்கள். குல்மோஹருக்கு இருக்கும், ஜக்கராண்டாவுக்கு அப்படி ஒன்று கிடையவே கிடையாது. கன்று வாங்கிய அன்று குனிந்து பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா? எழுதுங்கள். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

மழைக்காகிதம்

உங்கள் அம்மாவின் அந்த ஒரு சொல் எனக்கும் மனதில் நின்றுவிட்டது.

எனக்கு நடந்தது மஞ்சளில். இயல்வாகை, பெருங்கொன்றை என்றும் சொல்வார்கள். அதை நான் மஞ்சள் குல்மோஹர் என்றே வருடக்கணக்கில் சொல்லி வந்தேன். மகள் இலைகளை ஒட்டி ஒரு நோட்டு தயாரித்தபோது அதிலும் அப்படியே எழுத வைத்தேன். ஒரு காற்றுநாளில் பெரிய கிளை ஒன்று ஒடிந்து விழுந்தது. முதல் தடவையாக மொட்டுக் கொத்து என் முகத்துக்கு நேரே வந்தது. மொட்டு, காம்பு, இளந்தண்டு எல்லாமே துருப்பிடித்த இரும்பின் நிறம். தொட்டால் வெல்வெட் மாதிரி மெத்தென்று இருந்தது. குல்மோஹர் மொட்டில் இந்தத் துரு கிடையாது, அது பச்சை. இயல்வாகைப் பூ சின்னது. ஐந்து இதழும் ஏறக்குறைய ஒரே அளவு, கசக்கி விரித்த காகிதம் மாதிரி. கொத்து மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும்.

மகள் நோட்டில் தான் எழுதியதை அடித்துவிட்டு, "அப்பா, அப்போ நீங்க சொன்னது தப்பா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான். மஞ்சள் குல்மோஹர் என்று ஒரு மரமே கிடையாது. யாராவது அப்படிச் சொன்னால் திருத்துங்கள்.

தென்றல்77

மழைக்காகிதம், கடைசி வரியை என்னால் ஏற்க முடியாது. மஞ்சள் குல்மோஹர் இருக்கிறது. நானும் உங்களைப் போல் அடித்துச் சொல்லி, ஒரு பெரியவர் முன்னால் தவறாகப் போனவன், அதனால் சொல்கிறேன்.

மஞ்சளாகப் பூத்த ஒரு மரத்தடியில் நின்றுகொண்டு, "இது இயல்வாகை, குல்மோஹர் இல்லை" என்று விளக்கிக்கொண்டிருந்தேன். உடன் வந்த பெரியவர் மறுத்துப் பேசவில்லை. கீழே கிடந்த ஒரு காயை எடுத்து என் கையில் வைத்தார். முழங்கை நீளத்துக்கு மேல் இருந்தது. பட்டையாக, கறுப்பாக, கட்டைபோல் கெட்டி. இயல்வாகைக் காய் ஒரு விரல் நீளம்தான் வரும். தட்டையாக, இரு ஓரமும் மெலிந்து, செம்பு நிறத்தில் கேடயம்போல இருக்கும். கொத்துக் கொத்தாகப் பல நாள் மரத்திலேயே நிற்கும். கையில் அந்த நீளக் காயைப் பிடித்துக்கொண்டு மறுபடி அண்ணாந்து பார்த்தேன். ஐந்தாவது இதழ் தனியாக நிமிர்ந்து நின்றது. அசல் குல்மோஹர், நிறம் மட்டும் மஞ்சள். ஃப்ளேவிடா என்ற வகை அது. அரிது, ஆனால் உண்டு. நீங்கள் இயல்வாகையை இயல்வாகை என்று சொல்வது சரி. அதற்காக இல்லாத மரம் என்று ஒன்றைத் தள்ளிவிட வேண்டாம்.

வாசல்மரம், உங்களுக்கும் ஒன்று. இலை மாறி மாறி வந்தால் அது ஜக்கராண்டா இல்லை, அவ்வளவுதான் தெரியும். குல்மோஹர் என்று அதிலிருந்து முடிவுகட்ட முடியாது. இயல்வாகையிலும் மாறி மாறித்தான் வரும். கன்றாக இருக்கும்போது இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பலருக்குக் குழப்பம்தான். துருநிறம் இளந்தண்டில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீங்கள் சொன்ன கிழிந்த செதில் இருந்தால் குல்மோஹர் பக்கம் போகலாம்.

இன்னொன்றும் இருக்கிறது, நம் வாதநாராயணன். குல்மோஹருக்கு நேர் உறவு. குல்மோஹர் மடகாஸ்கரிலிருந்து வந்தது, இது நம் பக்கத்திலேயே வளர்வது. இலை அச்சு அசல் தம்பி மாதிரி. பூ வெள்ளையாக விரிந்து, வாட வாட மஞ்சளாகும். நீண்ட மகரந்தத் தாள்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பாதி வெள்ளை, பாதி மஞ்சளாக நிற்கும் அந்த மரத்தையும் மஞ்சள் குல்மோஹர் என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மழைக்காகிதம்

ஒப்புக்கொள்கிறேன். காயைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. மகளிடம் இன்னொரு பக்கம் சேர்க்கச் சொல்கிறேன்.

காட்டுப்பாதை

என் கதை பலாசு.

தாத்தா சொல்லிச் சொல்லி எனக்குள் ஏறிய மரம் அது. இலை ஒன்றுகூட இல்லாமல், மரம் முழுக்க நெருப்பாக நிற்கும் என்பார். அவர் இறந்த பிறகு ஒரு மலைச்சரிவில் அப்படி ஒரு மரத்தைத் தூரத்தில் பார்த்தேன். இலை இல்லை, முழுக்கச் சிவப்பு. பாதை கிடையாது. ஒரு மணி நேரம் புதருக்குள் புகுந்து ஏறினேன். மூச்சு வாங்க மரத்தில் கை ஊன்றியதும் சுரீர் என்றது. உள்ளங்கையில் முள். கறுப்பாக, அடி அகன்று, நுனி கூராக, பட்டையோடு பட்டையாக இருந்த முள்.

பலாசில் முள் கிடையாது. கை ரத்தத்தோடு நிமிர்ந்து பார்த்தபோதுதான் விளங்கியது. அது கல்யாண முருங்கை.

இரண்டும் அவரை, பயறு குடும்பம். இரண்டுக்கும் ஒரு காம்பில் மூன்று இலை. இரண்டும் இலை உதிர்த்துவிட்டு வெறும் கிளையில் பூக்கும். தூரத்திலிருந்து பிரித்துச் சொல்வது கஷ்டம்தான். பக்கத்தில் போனால் பூ ஒன்றே போதும். கல்யாண முருங்கைப் பூவில் ஒரு இதழ் மட்டும் நீண்டு அகன்றிருக்கும், மற்றவை அதன் அடியில் சிறிதாக ஒதுங்கியிருக்கும். மகரந்தத் தாள்கள் கற்றையாக வெளியே தெரியும். பூவின் அடிக்கிண்ணம் ஒரு பக்கமாகக் கிழிந்து பாளைபோல் இருக்கும். பலாசில் அடிக்கிண்ணம் கருநிறம், தடவினால் பட்டுத்துணி. அதிலிருந்து வளைந்து வரும் இதழ் கிளியின் மூக்கேதான். பூவின் மேலேயும் மெல்லிய பட்டு ரோமம் உண்டு, வெயிலில் ஒரு பக்கம் வெள்ளி மாதிரி மின்னும்.

இலை இருந்திருந்தால் இன்னும் சுலபம். பலாசு இலை தோல்போல் தடிமன், மடக்கினால் மொடமொடவென்று இருக்கும். கல்யாண முருங்கை இலை மெல்லியது. நடு இலை நீளத்தைவிட அகலம் கூடிய மாதிரி, சாய்சதுர வடிவம். காய் கிடைத்தால் சந்தேகமே வேண்டாம். பலாசுக்குத் தட்டைக் காயின் நுனியில் ஒரே ஒரு விதை. மற்றதற்கு விதை விதையாக இடுங்கிய மணிமாலை.

அந்த முள் தழும்பு இன்னும் இருக்கிறது. அதற்கப்புறம் நான்கு தடவை பலாசு பார்த்துவிட்டேன். ஆனாலும் தாத்தா நினைவு வந்தால் கண்ணில் வருவது அந்தச் சரிவில் நின்ற முள்மரம்தான். அது ஏன் என்று எனக்குத் தெரியவில்லை.

பனித்துளி

காட்டுப்பாதை, கல்யாண முருங்கையைப் பற்றி ஒரு வரி. என் வீட்டருகே இருந்ததை நான் இலையை வைத்துத்தான் கண்டுபிடித்தேன், அதுவும் நோயுற்ற இலையை வைத்து. காம்பும் நரம்பும் கொழுக்கட்டைபோல் வீங்கி, இலை சுருண்டு கிடந்தது. முடிச்சுக் குளவி என்று ஒரு பூச்சி, எறும்பைவிடச் சிறியது. 2004-ல்தான் அறிவியலில் அதற்குப் பெயரே வைத்தார்கள். அது கல்யாண முருங்கை இனத்து மரங்களை மட்டுமே தாக்கும், பலாசைத் தொடாது. வீங்கிய இலையைப் பார்த்தவுடன் மரத்தின் பெயரும் தெரிந்துவிட்டது, அது பிழைக்காது என்பதும் தெரிந்துவிட்டது. இரண்டு வருடத்தில் பட்டுப்போனது.

பழைய_நோட்டு

என் அனுபவம் சின்னது. ஒரு தோட்டத்தில் வெள்ளைப் பூ, நடுவில் கொஞ்சம் மஞ்சள், ஒடித்தால் பால் வரும் இலை. பெருங்கள்ளி, அதாவது பிளுமேரியா என்று நினைத்து, தங்கை மகன் அதன் காயை வைத்து விளையாடியதைப் பார்த்துக்கொண்டே சும்மா இருந்தேன். மாங்காய் மாதிரி பச்சைக் காய். பிளுமேரியாவுக்கு மாங்காய் எப்படி வரும் என்று அப்புறம்தான் உறைத்தது. காட்டரளி. அதன் விதைப்பருப்பு இதயத்தையே நிறுத்தும் நஞ்சு. ஓடிப்போய்ப் பிடுங்கி, கையைக் கழுவிவிட்டேன். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதனால் இங்கே எழுதுபவர்களுக்கும் படிப்பவர்களுக்கும் சிலவற்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

பூவை மட்டும் படம் எடுத்து வந்து "இது என்ன மரம்" என்று கேட்காதீர்கள். பூவுக்குப் பின்பக்கம் எடுங்கள். அடிக்கிண்ணம்தான் பல சமயம் தீர்ப்பு சொல்லும். மேலே காட்டுப்பாதை எழுதியதைப் பாருங்கள். இலையை மேல்பக்கம் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று என்று எடுங்கள். இலை கிளையோடு சேரும் கணுவைக் கட்டாயம் எடுங்கள். எதிரெதிரா, மாறி மாறியா என்பது அங்கேதான் தெரியும். எது இலை, எது சிற்றிலை என்பதில் பலர் தவறுகிறார்கள். காம்பின் கக்கத்தில் மொட்டு இருந்தால்தான் அது ஒரு முழு இலை. சிற்றிலையின் கக்கத்தில் மொட்டு இருக்காது. குல்மோஹரின் ஒரு முழு இலை என்பது கை நீளம். நாம் இலை என்று கிள்ளி எடுப்பது அதில் ஒரு பொட்டு.

தரையைப் பாருங்கள். டபெபுயா போன்ற மரங்கள் பூக்கும்போது மரத்தில் இலை இருக்காது. ஆனால் அடியில் சருகு கிடக்கும். விரல் விரித்த மாதிரி ஐந்து சிற்றிலை ஒரே புள்ளியிலிருந்து பிரிந்திருந்தால் அந்தப் பக்கம் போகலாம். மஞ்சள் பூப்பதிலேயே சிற்றிலை குறுகலாக, சாம்பல் வெள்ளி பூசியதுபோல் இருந்தால் டபெபுயா ஆரியா. இளஞ்சிவப்புப் பூவும் பசுமையான அகன்ற சிற்றிலையும் என்றால் ரோசியா. பழைய பெயரிலேயே நிற்காதீர்கள். 2007-ல் இந்தக் கூட்டத்தைப் பிரித்துச் சிலவற்றை ஹான்ட்ரோஆந்தஸ் என்று மாற்றிவிட்டார்கள். பழைய புத்தகமும் புதிய செயலியும் வேறு வேறு பெயர் சொன்னால் இரண்டில் ஒன்று பொய் என்று நினைக்க வேண்டாம்.

பிளுமேரியாவில் இலை நுனி கூராக இருந்தால் ரூப்ரா. வட்டமாக, பளபளப்பாக இருந்தால் ஒப்டூசா. பிடில் வடிவத்தில் இலை இருந்தால் புடிகா. இலையின் பக்க நரம்புகள் ஓரத்துக்குச் சற்று முன்னால் ஒரு கோடாகச் சேர்ந்து இலையைச் சுற்றி ஓடும், அதைத் தேடுங்கள். கிளை தடித்து, மான்கொம்பு மாதிரி கவட்டை கவட்டையாகப் பிரியும். காய் இரட்டை வாளாக இரண்டு பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். உருண்டையாக ஏதாவது தொங்கினால் குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். பால் வரும் எந்த மரத்தையும் ஒடித்த கையால் கண்ணைத் தேய்க்காதீர்கள்.

நிறத்தை மட்டும் நம்பவே நம்பாதீர்கள். நிறம்தான் எல்லாரையும் கெடுக்கிறது.

அந்திவானம்

பழைய_நோட்டு ஐயா, குழந்தைக்கு ஒன்றும் ஆகாதது நல்லது. காட்டரளி பற்றி எழுதியது எல்லோரும் படிக்க வேண்டியது. மற்றதை யாரும் கேட்கவில்லை. வாசல்மரம் கேட்டது நடந்த கதையை. கடைசி வரியில் எனக்கு உடன்பாடும் இல்லை. என்னைக் காப்பாற்றியது நிறம்தான்.

நான் வளர்ந்த வீட்டில் உயரமாக, கூம்பாக, கிளை கீழ்நோக்கித் தொங்கும் மரத்தை அசோக மரம் என்றே சொல்வார்கள். ஓரம் அலையலையாக நெளிந்த நீள இலை. அது நெட்டிலிங்கம் என்று எனக்கு இருபத்தெட்டு வயதில்தான் தெரிந்தது. அதுவும் யாரும் சொல்லித் தெரியவில்லை. ஒரு பழைய தோப்புக்குள் நடந்தபோது வாசனை வந்தது. தேடினேன். கிளையின் மேலேயே, பழைய தடித்த கிளையில்கூட, கைப்பிடிக் கொத்தாகப் பூ. ஒரே கொத்தில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு மூன்றும். யாரோ மூன்று மரத்துப் பூவைக் கட்டி வைத்ததுபோல் இருந்தது. அங்கேயே நின்றுவிட்டேன். அடுத்த நாளும் போனேன். நேற்று மஞ்சளாக இருந்தது இன்று ஆரஞ்சாகியிருந்தது. அப்போது புரிந்தது, விரியும்போது மஞ்சள், நாளாக நாளாகச் சிவக்கிறது. அந்த நிறமாற்றத்தை வைத்துத்தான் தேடிப் படித்து, உண்மையான அசோகம் இதுதான் என்று தெரிந்துகொண்டேன்.

உண்மையான அசோகத்துக்கு இதழே கிடையாது. நாம் இதழ் என்று நினைப்பது அடிக்கிண்ணத்தின் நான்கு மடல்கள். நெட்டிலிங்கப் பூவில் குறுகலான ஆறு இதழ், வெளிர்பச்சை, நட்சத்திர வடிவம். இலைக்குள் மறைந்திருப்பதால் பலர் அந்த மரம் பூக்கும் என்றே நம்ப மாட்டார்கள். இலையும் வேறு. நெட்டிலிங்கத்தில் ஒரு காம்புக்கு ஒரே இலை. அசோகத்தில் ஒரு காம்பில் சோடி சோடியாகச் சிற்றிலைகள். ஆனால் தளிர் ஏமாற்றும். இரண்டுக்கும் தளிர் செம்பு நிறம். அசோகத்தின் தளிர் மட்டும் உயிரே இல்லாததுபோல், ஈரத்துணி மாதிரி தொளதொளவென்று தொங்கும். தொட்டால் அவ்வளவு மென்மை.

வீட்டுக்குப் போன் செய்து அப்பாவிடம் சொன்னேன். "இத்தனை வருஷமா அதுக்கு வேற பேரு வெச்சுக் கூப்பிட்டோமா" என்று கேட்டார். குரலில் வருத்தம் தெரிந்தது. நெட்டிலிங்கம் இரவில் வௌவால்களுக்குப் பழம் கொடுத்து வந்த மரம். அதற்கென்று ஒரு பெயர் இருப்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

பழைய_நோட்டு

அந்திவானம், ஒத்துக்கொள்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது. ஆனால் உங்களைக் காப்பாற்றியது நிறம் இல்லை, நிறம் மாறியது. இரண்டு நாள் போய்ப் பார்த்தீர்கள் பாருங்கள், அதுதான். ஒரு நாள் மட்டும் பார்த்து மஞ்சள் என்று எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

சிட்டுக்குருவி

மந்தாரை பற்றி யாரும் எழுதவில்லையே. எனக்கு இன்னும் தீராத கடன் அது.

எங்கள் வழியில் ஒரு மந்தாரை மரம் இருந்தது. கருஞ்சிவப்புக்கும் ஊதாவுக்கும் நடுவில் அப்படி ஒரு நிறம், பூ கைவிரித்த அளவு. ஒரு பாட்டி தினமும் அதன் அடியில் நின்று பார்ப்பார். "இதோட விதை கெடச்சா எனக்கு ரெண்டு குடு கண்ணு" என்று கேட்டார். தருகிறேன் பாட்டி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். மந்தாரை என்றால் காய் தட்டைத் தட்டையாகத் தொங்குமே, அது ஒரு பெரிய விஷயமா என்று நினைத்தேன்.

ஒரு பருவம் போனது. பூ உதிர்ந்தது, காய் இல்லை. அடுத்த பருவமும் மரம் முழுக்கப் பூ, ஒரு காய்கூட இல்லை. தினமும் அடியில் தேடுவேன். வெறும் இதழ்தான் கிடக்கும். மூன்றாவது வருடம் அந்தப் பாட்டி வருவது நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு ஒருவர் சொன்னார், அது பிளேக்கியானா என்ற கலப்பு மந்தாரை என்று. பர்ப்பூரியா, வேரிகேட்டா என்ற இரண்டு சாதி மந்தாரைகள் தானாகக் கலந்து பிறந்தது. 1880 வாக்கில் ஹாங்காங்கில் கண்டெடுத்தார்கள். ஹாங்காங்கில் பறக்கும் கொடிச்சீலையில் இருப்பதும் அந்தப் பூதான். அது மலடு. காய் பிடிக்காது. பதியன் போட்டோ ஒட்டுக் கட்டியோதான் பெருக்க வேண்டும். உலகத்தில் இருக்கும் அத்தனை பிளேக்கியானாவும் அந்த ஒரு மரத்தின் துண்டுகள்தான்.

பூவைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பர்ப்பூரியா மந்தாரையில் இதழ்கள் குறுகல், ஒன்றுக்கொன்று இடைவெளி இருக்கும், மகரந்தம் தரும் தாள் மூன்று. வேரிகேட்டாவில் இதழ் அகலம், ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும், தாள் ஐந்து, பூக்கும்போது இலை பெரும்பாலும் உதிர்ந்திருக்கும். என் மரம் வேரிகேட்டா மாதிரி அகன்ற இதழோடு, ஆனால் முழு இலையோடு பூத்தது. நான் இரண்டில் ஒன்று என்று மட்டும் யோசித்தேன். இரண்டும் சேர்ந்தது என்று ஒன்று இருக்கும் என்பது தோன்றவில்லை.

வெள்ளை மந்தாரையிலும் இதே குழப்பம் உண்டு. குத்துச்செடியாக நின்று, பூவில் பத்துத் தாள் எண்ண முடிந்தால் அக்யூமினாட்டா. மரமாக நின்று ஐந்து என்றால் வேரிகேட்டாவின் வெள்ளை வகை. எண்ணிப் பார்த்தால் ஒரு நிமிடம்தான் ஆகும்.

ஒரு மந்தாரை இலையை நோட்டில் வைத்திருக்கிறேன். நடுவில் பிளந்து ஒட்டகக் குளம்பு மாதிரி இரண்டு மடல். இதற்கு பௌஹினியா என்று பெயர் வைத்தது பௌஹின் என்ற தாவரவியல் சகோதரர்கள் இருவருக்காகவாம், இரண்டு மடல் சேர்ந்த இலை என்பதால். அதைப் படித்தபோது பாட்டிக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவர் வீடு எது என்றுகூட நான் கேட்டு வைத்திருக்கவில்லை.

மழைக்காகிதம்

சிட்டுக்குருவி, பதியன் போடலாம் என்று இப்போது தெரிந்துவிட்டது. மரம் இன்னும் இருக்கிறதா?

சிட்டுக்குருவி

இருக்கிறது. போன மழைக்கு ஒரு கிளையில் பட்டை சீவிக் கட்டி வைத்திருக்கிறேன். வேர் விட்டால் யாருக்காவது கொடுப்பேன்.

ஊமத்தை

வாகைக்கும் தூங்குமூஞ்சிக்கும் வித்தியாசம் எனக்குக் காதால் தெரிந்தது. புது வீட்டில் முதல் இரவு, ஜன்னலுக்கு வெளியே யாரோ சலங்கை ஆட்டுவதுபோல் சத்தம். பயந்துபோய் விளக்கைப் போட்டேன். காய்ந்த காய்கள். வைக்கோல் நிறம், காகிதம்போல் மெல்லிசு, உள்ளே விதை குலுங்குகிறது. அதுவரை அந்த மரத்தைத் தூங்குமூஞ்சி என்றுதான் நினைத்திருந்தேன். தூங்குமூஞ்சிக் காய் கறுப்பாக, சதைப்பற்றோடு பிசுபிசுக்கும், அது குலுங்காது. காலையில் பூவைப் பார்த்தேன். இரண்டும் பவுடர் பூசும் பஞ்சு மாதிரிதான். தூங்குமூஞ்சியில் இளஞ்சிவப்பு, இதில் வெள்ளையும் இளம்பச்சையும், நல்ல மணம். வாகையேதான்.

தென்றல்77

ஊமத்தை சொல்வதுபோல் காயைத்தான் நானும் முதலிலிருந்து சொல்கிறேன். பூ பத்து நாள், காய் பல மாதம்.

அந்திவானம்

கன்றுக்குக் காய் கிடையாது, தென்றல். வாசல்மரம் வாங்கியது முழங்கால் உயரக் கன்று. அதில் இலை மட்டும்தான் இருந்தது.

வாசல்மரம்

எல்லாவற்றையும் அம்மாவிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். மந்தாரைப் பாட்டி வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

நேற்று புதுக் கன்று வாங்கப் போனோம். அதே பண்ணைக்குப் போகவில்லை, வேறு இடம். ஜக்கராண்டா என்று ஒரு வரிசையே இருந்தது. நான் விலைச்சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா ஒரு கன்றின் முன்னால் குந்திக்கொண்டார். கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு காம்பின் அடியை விரலால் தடவிப் பார்த்தார். "இதுல அந்தக் குட்டி இலை இல்ல" என்றார். அப்புறம் மேலே இருந்த கணுவைப் பிடித்து, இரண்டு இலையும் எதிரெதிரே வருவதை எனக்குக் காட்டினார். சிற்றிலை நுனியை உள்ளங்கையில் குத்திப் பார்த்தார். ஒவ்வொரு இறகின் முனையிலும் அந்த ஒற்றைச் சிற்றிலை இருந்தது. வரிசையில் மூன்றாவதாக இருந்த கன்றைத் தள்ளி வைத்தார். அதில் இலை மாறி மாறி வந்திருந்தது. பண்ணைக்காரரிடம் காட்டினேன், அவரும் குனிந்து பார்த்துவிட்டு அதன் சீட்டை அவிழ்த்தார்.

குல்மோஹர் வாசலிலேயே இருக்கும், அம்மா அதை வெட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். இந்த வருடம் மரம் முழுக்கப் பூத்திருக்கிறது. ஜக்கராண்டாவுக்கு நல்ல வெயில் வேண்டும், குல்மோஹரோ குடை விரித்து நிற்கிறது. அதனால் காலையிலும் மாலையிலும் அதன் நிழல் எதுவரை வருகிறது என்று இரண்டு நாளாகச் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.